நெல்வயல் காற்றில் பூஞ்சை வித்துகள்: அலாரம் கடிகாரத்தால் ஓடும் பொறியும் ஓராண்டுப் பதிவும்

கீழ்ப் பர்மாவின் பகோ வட்டாரத்தில், நெல்லுக்குப் பின் உளுந்து என்று மாறி மாறி விதைக்கும் எங்கள் ஊரில், பூஞ்சைக்குரிய காலம் எது என்று கேட்டால் மழைக்காலம் என்றே எல்லோரும் சொல்வார்கள். ஜூலையும் ஆகஸ்டும் வந்துவிட்டால் தோல் செருப்பில் பச்சை படர்வதையும், மூங்கில் தட்டிச் சுவரில் கரும்புள்ளிகள் ஏறுவதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் ஐயம் எழ வழியில்லை. ஆனால் மூச்சிரைப்பு உள்ளவர்கள் மிகவும் சிரமப்படுவது அந்த மாதங்களில் அன்று. மழை விட்டு, கதிர் அறுத்து, களத்தில் நெல் தூற்றும் நவம்பர், டிசம்பரில்தான் அவர்கள் மருந்துக்கு அலைகிறார்கள். சுவரில் பூப்பது வேறு, காற்றில் பறக்கும் வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்) வேறு. எந்த மாதம், எந்த வேளையில், எது பறக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பொறியைச் செய்தேன். அதைச் செய்த விதத்தையும், ஓர் ஆண்டுச் சுற்றில் அது பிடித்துக் கொடுத்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒட்டும் பொருள் தடவிய கண்ணாடித் தகட்டை ஒரு சிறு கூரைக்கு அடியில் வைத்து, மறுநாள் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது மிக எளிய வழி. 1946இல் டர்ஹாம் வகுத்த இரட்டைத் தட்டுக் கருவி அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டு தட்டுகளும் ஒரு கம்பியும் இருந்தால் எவரும் செய்துவிடலாம் என்பது அதன் சிறப்பு. தானாக வந்து விழுவதை மட்டுமே அது பிடிக்கும் என்பது அதன் குறை. அசையாத காற்றில் ஐந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) அளவுள்ள வித்து நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. முப்பது மைக்ரான் வித்தோ அதைவிட முப்பது மடங்குக்கு மேல் வேகமாக இறங்கும். ஆகவே தகட்டில் பெரிய வித்துகள் மிகையாகவும் சிறியவை குறைவாகவும் தெரியும். காற்று வேகம் மாறும்போதெல்லாம் கணக்கும் மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மணிக்கு எது விழுந்தது என்பதை அந்தத் தகடு சொல்லாது. நான் தேடியதோ அந்த மணிக் கணக்கைத்தான்.

எங்கள் கடலுக்கு அக்கரையில், கல்கத்தாவில், டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம் என்னும் மருத்துவர் சிறைச்சாலை வளாகங்களில் காற்றுத் தூசியைத் தகட்டில் பிடித்து வரைந்து, 1873இல் ஒரு நூலாக வெளியிட்டார். காலரா போன்ற நோய்களுக்கும் காற்றில் மிதப்பவற்றுக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது அவர் நோக்கம். அப்படித் தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் பூஞ்சை வித்துகள் காற்றில் எப்போதும் ஏராளமாக இருப்பது தெரிந்தது. வங்கத்துக் காற்றுக்கும் கீழ்ப் பர்மாவின் காற்றுக்கும் உறவு நெருக்கம் என்பதால் அந்தப் பழைய வேலையின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. என்றாலும் நான் பின்பற்றியது, 1952இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹர்ஸ்ட் அமைத்த பொறியின் வடிவத்தை. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை 14 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பிளவு வழியாக இழுப்பது, அந்தப் பிளவுக்கு எதிரே ஒட்டும் தகட்டை மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் நகர்த்துவது என்பதே அதன் அடிப்படை. காற்று வளைந்து வெளியேறும். அதில் வந்த வித்து வளைய முடியாமல் நேரே போய்த் தகட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு 48 மில்லிமீட்டர் தடம் கிடைக்கும். 75 மில்லிமீட்டர் நீளமுள்ள சாதாரணத் தகட்டில் அது தாராளமாக அடங்கும். கடையில் விற்கும் கருவியின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாதது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் வேலை ஒரு சைக்கிள் பட்டறைக்கு மீறியது அன்று.

பொறியின் உயிர்நாடி கடிகாரம்தான். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில், சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரத்தைவிட நம்பகமான ஓட்டி கிடையாது. அதன் மணி முள் அச்சு பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்று வரும். அந்த அச்சில் 24 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள ஓர் உருளையைப் பொருத்தி, அதில் நூலைச் சுற்றினால், நூல் மணிக்குச் சரியாக 2 மில்லிமீட்டர் நகரும். 24 மில்லிமீட்டர் சுற்றளவுக்கு விட்டம் ஏறக்குறைய 7.6 மில்லிமீட்டர், மெல்லிய பேனாக் கூடு ஒன்று அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்தது. அதன்மேல் பசை தடவிய காகிதத்தைச் சுற்றி, தூண்டில் நரம்பைப் பத்துச் சுற்றுச் சுற்றி அவிழ்த்து அளந்து, 240 மில்லிமீட்டர் வரும்வரை காகிதத்தைச் சேர்த்தும் தேய்த்தும் சரி செய்தேன். உண்மையில் நரம்பைச் சுற்றி அளப்பதே நல்லது. விட்டத்தை அளந்து கணக்குப் போட்டால் நரம்பின் தடிமன் கணக்கில் வராமல் போய்விடும்.

தகட்டைத் தாங்கும் சிறு சட்டம் நரம்பில் தொங்குகிறது. கடிகாரம் அதை இழுப்பதில்லை, மெல்ல இறக்கிவிடுகிறது. சட்டத்தின் எடை முழுவதும் அச்சில் விழுந்தால் முள் நழுவக்கூடும் என்பதால், மறுபக்கம் ஒரு ஈயக் குண்டைத் தொங்கவிட்டு, நரம்பு தொய்யாமல் இருக்கும் அளவுக்குச் சில கிராம் எடையை மட்டும் மிச்சம் வைத்தேன். சட்டம் ஆடாமல் இறங்க இரு பக்கமும் பித்தளைக் கம்பித் தண்டவாளம் போட்டிருக்கிறது. தகட்டுக்கும் பிளவுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் காற்று முன்கூட்டியே விரிந்து, சிறிய வித்துகள் தப்பிவிடும். பழைய எக்ஸ்ரே பிலிமை மடித்து இடையில் செருகிப் பார்த்து அந்த இடைவெளியைச் சரிபார்த்தேன்.

பிளவைப் பித்தளைத் தகட்டில் வெட்டினேன். 2 மில்லிமீட்டர் துளை ஊசியால் வரிசையாகத் துளையிட்டு, சிறிய அரத்தால் ராவி, அதே துளை ஊசியின் காம்பையே அளவுகோலாக வைத்து உள்ளே ஓட்டிப் பார்த்துச் சமன் செய்ய வேண்டும். வெட்டு விளிம்பில் பிசிறு இருந்தால் வித்துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால் மெருகேற்றுவதில் பொறுமை வேண்டும். பெட்டிக்கு ஆறு அங்குல பிவிசி குழாயைப் பயன்படுத்தினேன். மரப்பெட்டி எங்கள் மழைக்கு ஊதிப்போகும்; தகரம் துருப்பிடிக்கும்.

காற்றை இழுக்க வலுவான பம்பு தேவை என்று பலர் எண்ணுவார்கள். பிளவு வழியாக நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் காற்றின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர். அதற்கு வேண்டிய அழுத்த வேறுபாடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீர்மட்ட அளவுதான். ஆகையால் 12 வோல்ட் சிறு புளோயர் விசிறி ஒன்றே போதும். சாதாரணத் தட்டை விசிறி மட்டும் சரிப்படாது. நத்தை ஓட்டு வடிவத்தில் இருக்கும் புளோயரே வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கூட்ட ஒரு சிறு கட்டுப்படுத்தி, ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி, ஒரு சூரியத் தகடு. வெயில் காலத்தில் இவை தாராளம். ஜூலை மாதத்தில் சூரியனைப் பல நாள் பார்க்கவே முடியாது என்பதால், இரண்டாவது பேட்டரியைப் பட்டறையில் ஏற்றி மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருந்தது.

நிமிடத்துக்கு 10 லிட்டர்தானா என்பதை அளக்க எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. எல்லா வீட்டிலும் இருபது லிட்டர் குடிநீர்க் குடுவை இருக்கும். மெல்லிய பாலித்தீன் பை ஒன்றைக் கூடைக்குள் விரித்து, ஒரு குடுவைத் தண்ணீரை முழுவதும் அதில் ஊற்றி, நீர்மட்டம் நின்ற இடத்தில் கயிறு கட்டி அடையாளம் வைத்தேன். தண்ணீரைக் கொட்டிப் பையை உலர்த்தி, புளோயரின் வெளிவாயில் மாட்டினால், அடையாளம் வரை பை நிரம்ப இரண்டு நிமிடம் ஆக வேண்டும். இதில் பத்தில் ஒரு பங்கு பிழை இருக்கலாம். மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதற்கு அது தடையில்லை. பேட்டரி இறங்க இறங்க ஓட்டம் குறையும் என்பதால் காலையிலும் மாலையிலும் அளப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பிளவு எப்போதும் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். பட்டறை வைத்திருக்கும் அத்தை மகன் சைக்கிளின் முன்சக்கர ஹப்பை நிமிர்த்திப் பற்றவைத்துக் கொடுத்தார். அதன்மேல் குழாயை நிறுத்தி, பின்புறம் தகர வால் ஒன்றை வைத்ததும் பொறி தானாகத் திரும்பியது. இழுத்த காற்றை வால் பக்கமாகவே வெளியேற்றினால் அதையே மறுபடி இழுக்க நேராது. பிளவுக்கு மேல் மழை மறைப்பு வேண்டும். ஆனால் வலை போடக்கூடாது, வலையே வித்துகளைப் பிடித்துவிடும். அதனால் எறும்பும் சிலந்தியும் உள்ளே வரும். தாங்கு கால்களைக் கழிவு எண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தியது எறும்புக்குத் தீர்வு. சிலந்திக்குத் தீர்வு தினமும் திறந்து பார்ப்பதுதான்.

எங்கள் மாரியம்மன் கோயிலை அடுத்துள்ள மாலைநேரத் தமிழ்ப் பள்ளியின் மொட்டைமாடியில், தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் பொறியை வைத்தேன். தரையோடு வைத்தால் பக்கத்து வரப்பின் புல் ஒன்றே கணக்கைத் தீர்மானித்துவிடும். சற்று உயரத்தில்தான் சுற்றுவட்டாரம் முழுவதன் காற்றும் கலந்து வரும். கோயில் நிருவாகத்தில் அனுமதி கேட்டபோது பெரியவர் ஒருவர், “காத்தைப் பிடிச்சு என்ன தம்பி செய்யப்போற?” என்று கேட்டுச் சிரித்தார், பிறகு அவரே மாடிச் சாவியைக் கொடுத்தார். கற்பூரக் கரியும் சாம்பிராணிப் புகையும் தகட்டில் படியும் என்பது அந்த இடத்தின் குறை. பூசை வேளை தெரிந்தது என்பதால் தடத்தில் அந்த இடத்தை அடையாளம் காண்பது கடினமாக இல்லை.

தகட்டில் தடவ, பெட்ரோலியம் ஜெல்லியோடு மெழுகுவர்த்தி மெழுகைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து உருக்கிக்கொண்டேன். வெறும் ஜெல்லி ஏப்ரல் வெயிலில் உருகி ஓடும். கிளிசரின் கலவை மழைக்கால ஈரத்தை உறிஞ்சி நீர்த்துவிடும். கண்ணாடியைச் சற்றுச் சூடாக்கி, விரல் நுனியால் மிக மெல்லிய படலமாக இழுக்க வேண்டும். தடித்த படலத்தில் வித்துகள் வெவ்வேறு ஆழத்தில் புதைந்து, நுண்ணோக்கியின் குவியத்துக்கு ஒத்துழைக்காது. நகர்வு சரியாக இருக்கிறதா என்பதைச் சோளப்பூவின் மகரந்தத்தால் சோதித்தேன். குறித்த மணிகளில் பிளவின் முன் அதைத் தூவினால், எண்பது மைக்ரானுக்கு மேற்பட்ட அந்த உருண்டைகள் தடத்தில் தெளிவான கோடுகளாக விழும்; கோடுகளுக்கிடையே உள்ள தூரத்தை மணிக் கணக்கோடு ஒப்பிட்டால் போதும்.

எண்ணும் முறையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற வேலை முழுதும் இதற்காகத்தான். தகட்டின் மேல் லாக்டிக் அமிலமும் கிளிசரினும் கலந்த பருத்தி நீலச் சாயத்தை ஒரு துளி விட்டுக் கவர் கண்ணாடியை மூடினேன். நிறமுள்ள வித்துகளுக்குச் சாயம் வேண்டியதில்லை. நிறமற்றவை அது இல்லாமல் கண்ணில் படாது. என் நுண்ணோக்கியில் 40 பெருக்கு லென்ஸின் பார்வை வட்டம் 0.45 மில்லிமீட்டர் அகலம். தடத்தை 14 மில்லிமீட்டர் குறுக்காக ஒரு முறை கடந்தால் 0.45 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை ஒன்றைப் பார்த்ததாகும். மணிக்கு 2 மில்லிமீட்டர் நகர்வில் அது பதின்மூன்றரை நிமிடத்துக்கு, அதாவது 135 லிட்டர் காற்றுக்குச் சமம். ஆகவே ஒரு பட்டையில் எண்ணியதை 7.4ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டர் காற்றில் இருந்த அளவு வரும். நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு பட்டை, அதாவது இரண்டு மணிக்கு ஒன்று என்று நாளுக்குப் பன்னிரண்டு பட்டைகள். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டேன். நாள்தோறும் எண்ண உட்கார்ந்தால் நாற்று நடவு நடக்காது.

வடிவத்தால் அடையாளம் காணக்கூடியவை சில உண்டு. ஆல்டர்னேரியா கதாயுத வடிவத்தில், குறுக்கும் நெடுக்குமாகச் சுவர்களோடு இருக்கும். கர்வுலேரியா நடுச்செல் புடைத்து வளைந்திருக்கும். நைக்ரோஸ்போரா பளபளக்கும் கறுப்பு உருண்டை. நெல்லின் செம்புள்ளி நோய்க்குக் காரணமான பைப்போலாரிஸ் நீண்ட படகு வடிவம். குலை நோயின் பைரிகுலேரியா மூன்று செல்லுள்ள சிறு பேரிக்காய். கிளாடோஸ்போரியம் சிறியது, இளம் பழுப்பு, எங்கும் எப்போதும் இருப்பது. அஸ்பர்ஜில்லசையும் பெனிசிலியத்தையும் தகட்டில் பிரித்தறிய முடியாது; இரண்டும் மூன்று நான்கு மைக்ரான் உருண்டைகள், அவற்றில் ஒரு பகுதி பிளவிலிருந்து காற்றோடு வளைந்து தப்பியும் விடும். ஒரு மைக்ரான் அளவுள்ள வைக்கோல் நுண்ணுயிரிகளை இந்தப் பொறி பிடிக்கவே பிடிக்காது. இதை மறந்துவிட்டு, ‘தகட்டில் இல்லை, ஆகவே காற்றில் இல்லை’ என்று முடிவு கட்டக்கூடாது.

இனி ஆண்டின் கதை. மே மாத நடுவில் மழை இறங்கி அக்டோபர் நடுவரை நீடிக்கும். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதத்தில் கொட்டிவிடும். முதல் மழை நாள் தகடு பார்க்கவேண்டியது. காய்ந்த இலையில் பெரிய துளி விழும்போது இலை அதிர்ந்து, துளி பரவும் வேகத்தில் மெல்லிய காற்று வீச்சு ஒன்று கிளம்பி, இலைமேல் இருந்த உலர் வித்துகளைத் தூக்கி எறியும்; இதை ஹர்ஸ்டும் ஸ்டெட்மனும் 1963இல் விளக்கியிருக்கிறார்கள். தடத்தில் அது ஒரு கறுத்த குறுகிய பட்டையாகத் தெரிந்தது. சிறிது நேரத்தில் மழை வலுத்ததும் பெரிய வித்துகள் அடித்துக்கொண்டு போக, தடம் வெளுத்துவிட்டது.

ஜூன், ஜூலைத் தகடுகளைப் பகல் பகுதியில் மட்டும் பார்த்தவர், மழைக்காலக் காற்று சுத்தமானது என்று சத்தியம் செய்வார். அதே தகட்டில் நள்ளிரவுக்குப் பிந்திய பகுதிக்கு நகர்ந்தால் நிலைமை தலைகீழ். நிறமற்ற, மெல்லிய, இரட்டைச் செல்லும் பல செல்லுமான ஆஸ்கோஸ்போர்களும், காளான்களின் வித்துகளும் எண்ணிக் களைக்கும் அளவுக்கு நெருங்கிக் கிடந்தன. ஈரத்தை உறிஞ்சி உப்பிய பையிலிருந்து பீச்சப்படுபவை ஆஸ்கோஸ்போர்கள். காளான் தன் வித்தை உதிர்க்கவும் ஈரக் காற்றே வேண்டும். ஆகவே மழை ஓய்ந்த இரவு இவற்றின் வேளை. உலர்காற்று வித்துகளுக்கும் ஈரக்காற்று வித்துகளுக்கும் உள்ள இந்தப் பகல் இரவு வேறுபாட்டை ஹர்ஸ்ட் 1953இலேயே எழுதிவிட்டார். ஆனால் நம் ஊர்த் தகட்டில் பார்க்கும்போது அதன் அளவு திகைக்க வைக்கிறது. பகல் நேரத்தில் மட்டும் காற்றைப் பிடித்து எழுதிய பருவக் கணக்கு எதையும், குறிப்பாகப் பருவமழை நாட்டுக் கணக்கை, நான் இனி அப்படியே ஏற்கமாட்டேன்.

ஆகஸ்டில் மழை இரண்டு மூன்று நாள் ஒதுங்கும் போதெல்லாம் கிளாடோஸ்போரியம் நண்பகலில் தலை காட்டும்; மீண்டும் மழை பிடித்ததும் மறையும். பயிர் தழைத்த செப்டம்பரில் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரையிலான பட்டைகளில் நைக்ரோஸ்போரா மிகுந்தது. பனி உலர்ந்து ஈரப்பதம் இறங்கும் வேளையில் தன் வித்தை விசையோடு எறியும் பூஞ்சை அது என்பதால் நேரம் பொருந்தியது. குலை நோயின் பேரிக்காய் வித்து அரிதாகவே கிடைத்தது. கிடைத்ததெல்லாம் விடியலுக்கு முந்திய மணிகளில். அதன் வித்து இரவு ஈரத்தில் உதிர்வது, பயிர்மட்டத்துக்கு மேல் அதிகம் எழுவதில்லை. ஆறு மீட்டர் உயரத்தில் ஒன்றிரண்டு தெரிந்தாலே வயலில் இறங்கி இலையைப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் கதிர் முற்றும்போது, நெற்பழ நோய் கண்ட மணிகளின் பச்சைப் பொடி காற்றில் சேர்ந்தது. மழை நின்ற இரண்டு மூன்று வாரத்துக்குள் தகட்டின் தன்மையே மாறிவிட்டது. இரவுப் பகுதி வெளுத்து, பகல் பகுதி கறுத்தது. நவம்பர் நடுவிலிருந்து அறுவடை. காலை பத்து மணிக்கு மேல் கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா, கர்வுலேரியா, கரிப்பூட்டை நோயின் வித்து உருண்டைகள் எல்லாம் ஒருங்கே ஏறி, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு உச்சம் தொட்டு, பனி இறங்கியதும் தாழ்ந்தன. கதிரடிக்கும் இயந்திரம் ஓடிய நாள்களில் இவற்றோடு உமியின் கூரிய மயிர்களும், இலைத் துணுக்குகளும், மண்தூசியும் கலந்து, ஒரு பட்டையை எண்ணி முடிப்பதே பெரும்பாடாயிற்று. ஐரோப்பிய ஆய்வுகளில் ஒவ்வாமைக்கான எல்லையாக அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் எண்கள் ஆல்டர்னேரியாவுக்குக் கன மீட்டருக்கு 100, கிளாடோஸ்போரியத்துக்கு 3000. அந்த எல்லைகள் வேறு நாட்டு நோயாளிகளை வைத்து வகுக்கப்பட்டவை. ஆனாலும் களத்து வேலை நடக்கும் பகல்களில் ஆல்டர்னேரியா அந்த எல்லையைத் தயக்கமின்றித் தாண்டியது. ஊரில் மூச்சிரைப்பு அறுப்புக் காலத்தில் கூடுவதற்கு இது பொருந்திவருகிறது. என்றாலும் வித்து மட்டுமே காரணம் என்று சொல்ல என் தகடு எனக்கு உரிமை தரவில்லை. உமி மயிரும் தூசியும் வைக்கோல் புகையும் அதே வேளையில் அதே மூக்கில்தான் ஏறுகின்றன.

இந்த மாதங்களில்தான் படகு வடிவப் பைப்போலாரிஸ் வித்துகளும் கூடின. ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் 1942 நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அந்த ஆண்டு வங்கத்து நெல்லில் செம்புள்ளி நோய் கடுமையாகப் பரவியது. அதே ஆண்டு ரங்கூன் வீழ்ந்ததால் பர்மா அரிசி அங்கே போவதும் நின்றது. அடுத்த ஆண்டின் பஞ்சத்தில் இந்த இரண்டும் சேர்ந்தன. போரும் நிருவாகமும் அந்தப் பஞ்சத்தில் எவ்வளவு பங்கு வகித்தன என்பது பெரிய விவாதம். ஆனால் நோயின் பங்கைப் பயிர் நோயியலாளர் பத்மநாபன் 1973இல் விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் முன்னோர் பலர் அந்த ஆண்டில்தான் காட்டுவழியே நடந்து இந்தியா போனார்கள்.

ஜனவரியில் நெல் அறுத்த நிலத்தில் உளுந்து தழைக்கிறது. தகட்டில் புதிதாக ஒன்று வந்தது. நிறமற்ற பீப்பாய் வடிவம், முப்பது மைக்ரானுக்குக் குறையாத நீளம், சில வேளை இரண்டு மூன்று சங்கிலியாக ஒட்டியபடி: சாம்பல் நோயின் ஓய்டியம் வித்துகள். குளிர்ந்த இரவும் உலர்ந்த பகலும் அதற்கு ஏற்றவை. மழை அதற்கு ஆகாது. நண்பகலை ஒட்டிய பட்டைகளில் அது கூடத் தொடங்கிய வாரத்தில் கீழ் இலைகளைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைத் திட்டுகள் அங்கங்கே இருந்தன. செடி முழுவதும் வெளுத்து எல்லோர் கண்ணிலும் பட்டது அதற்குப் பின்னர்தான். நனையும் கந்தகம் தெளிப்பவர்களுக்கு அந்த இடைவெளி காசுக்குச் சமம். பொறியால் விவசாயத்துக்கு நேரடிப் பயன் ஏதேனும் உண்டென்றால் இதைத்தான் சொல்வேன்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் சொல்ல அதிகமில்லை. வயலில் பச்சை இல்லை, வித்தும் குறைவு. அறுத்த நெல்தாளை எரிக்கும் கரித்துகள்தான் தகட்டை நிறைத்தது. அதனிடையே அஸ்பர்ஜில்லஸ் வகை உருண்டைகளைத் தேடி எடுப்பது கண்ணுக்குத் தண்டனை. திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு நீர்த் திருவிழா நாட்களில் பொறியை இறக்கி வீட்டுக்குள் வைத்துவிடுவது நல்லது. தண்ணீர் ஊற்றும் இளைஞர்களுக்கு மொட்டைமாடியும் ஒன்று, தெருவும் ஒன்று.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு எண்ணும் வேலையைக் குறைக்க ஒரு வழி உண்டு. பன்னிரண்டு பட்டைகளையும் எண்ண நேரமில்லை என்றால், மழை மாதங்களில் இரவு இரண்டு மணி, நான்கு மணிப் பட்டைகளையும் காலை பத்து மணிப் பட்டையையும் எண்ணினால் போதும். உலர் மாதங்களில் நண்பகல், இரண்டு மணிப் பட்டைகள். ஆண்டு முழுதும் ஒரே வேளையை எண்ணி ஒப்பிடுவதுதான் கூடாது. கூடவே மழைமானியும், ஈரப்பதம் அறிய ஈரக் குமிழ் வெப்பமானியும் வைத்துத் தினமும் குறித்துவைக்க வேண்டும். அவை இல்லாமல் தகடு ஊமை. எண்ணி முடித்த தகட்டின் கவர் கண்ணாடி விளிம்பை நகப்பூச்சால் அடைத்து, தடம் தொடங்கிய முனையில் வைரப் பேனாவால் தேதியைக் கீறி வைத்தால், சந்தேகம் வரும்போது மறுபடி பார்க்கலாம்.

அடுத்த மழைக்கு முன் மாற்றவிருப்பது கடிகாரத்தின் பற்சக்கரத்தை. அறுப்புக் காலத்தில் தினமும் மாடியேறித் தகடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை என்பதால், தகட்டுக்குப் பதில் ஒட்டும் நாடா சுற்றிய உருளையை ஒரு வாரம் ஓட்ட வேண்டும். மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் 168 மணிக்கு 336 மில்லிமீட்டர் சுற்றளவு, அதாவது ஏறக்குறைய 107 மில்லிமீட்டர் விட்டம். மணி முள் அச்சின் வேகத்தைப் பதினான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். இரண்டுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று என்று இரு படிகளில் அதைச் செய்துவிடலாம். அதற்கான சக்கரங்களைப் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றிலிருந்து அத்தை மகன் கழற்றிக்கொண்டிருக்கிறார்.